நடுவில் நிற்பவள்

ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து
இடது காதை எடுத்துக்கொண்டு போனது.
பொன் எதுவும் கொடுத்துவிட்டுப் போகவில்லை.
கோவனில், கப்பல் கட்டும் தளத்தில்
வெல்டிங் செய்கிறவளுக்கு ஒரு காது போதும்.
அதையும் அடைத்துக்கொள்ளத்தான் சொல்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை.
ரானல்ட் கொண்டுவந்து இறக்கினான்:
பெய்ஸ்லியில் இறந்துபோன யாரோ ஒருவர் வீட்டு ஏலத்தில்
நாற்பது பவுண்டுக்கு எடுத்தது.
வால்வு ஆம்ப்ளிஃபயர். ஸ்டீரியோ.
மூன்று மாடி தூக்கிவந்த மூச்சிரைப்போடு சொன்னான்:
"பிறந்தபோது எப்படி இருந்ததோ
அப்படியே வேண்டும், இஷ்பெல்."

அடிமூடியைக் கழற்றினால்
எலி ஒன்று குடித்தனம் நடத்திய இடம்.
பஞ்சு, கொறித்த பேருந்துச் சீட்டு,
டிரான்ஸ்ஃபார்மர்மேல் துருவாகக் காய்ந்த மூத்திரம்.
கண்டென்சர்கள் மெழுகு கக்கியிருந்தன.
பெரிய வால்வுகள் நான்கில் மூன்று தேறும்.
நான்காவதன் உச்சியில் இருக்கவேண்டிய வெள்ளிப்பூச்சு
பாலாடைபோல் வெளுத்திருந்தது.
காற்று புகுந்துவிட்டால் அப்படித்தான்.
வெற்றிடம் போனால் வால்வு வெறும் பாட்டில்.

நானூறு வோல்ட் ஓடும் பெட்டிக்குள்
ஒரு கைதான் போகவேண்டும்.
மற்றது சட்டைப்பையில்.
இரண்டு கையும் தொட்டால் மின்சாரம்
நெஞ்சு வழியாகக் குறுக்கே போய்விடும்.
பலருக்கு இது மறந்துபோகும்.
எனக்குப் பாதியோடு பிழைத்த பழக்கம்.

மூன்றாவது சனிக்கிழமை,
வால்யூம் குமிழுக்குப் பின்னால்
அந்தச் சிவப்புக் கம்பியைப் பார்த்தேன்.
தொழிற்சாலை வைத்ததில்லை.
இடதையும் வலதையும் ஒன்றாகக் கட்டியிருந்தது,
முனைக்கொரு ரெசிஸ்டர் வைத்து.
தவறு என்று முதலில் நினைத்தேன்.
தவறு இவ்வளவு சுத்தமாக இருக்காது:
ஈயம் பரவி, பளபளத்து, ஒரு பிசிறில்லை.
இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையே பாடும்படி
காசு கொடுத்து வாங்கிய ஸ்டீரியோவை
எவராவது கெடுப்பார்களா?

தேநீர் ஆறி, ஆடை கட்டும்வரை
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பெய்ஸ்லிக்காரரே,
உமக்கு எந்தக் காது?

பிறந்தபோது இருந்த மாதிரி என்றால்
இந்தக் கம்பி இருக்கக்கூடாது. முன்பணம் வாங்கியாயிற்று.
இரும்பு சூடானது. ஒரு முனை உடனே விட்டது.
மறுமுனை கொஞ்சம் மல்லுக்கட்டியது.
கம்பியைச் சட்டைப்பையில் போட்டேன்,
மற்ற கை காத்திருக்கும் இடத்தில்.

மின்சாரத்தைக் குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல்
கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன்:
ஐம்பது, தொண்ணூறு, நூற்றைம்பது.
வால்வுகளுக்குள் ஆரஞ்சுப் புள்ளிகள் விழித்தன.
அறையில் சுட்ட தூசியின் வாசனை.
பிறகு ஒரு முனகல்.
எந்தப் பக்கம் என்று காது சொல்லாது;
உலகம் மொத்தமும் எனக்கு வலப்பக்கம்தான்.
இரண்டு ஸ்பீக்கரின் காகிதத்திலும் விரல் வைத்தேன்,
நாடி பார்க்கிறவள் மாதிரி.
இடதில் துடித்தது.
எர்த் கம்பி ஒன்று; எலி பாதி தின்றிருந்தது.

மழையோடு வந்தான் ரானல்ட்.
இசைத்தட்டும் அவனே கொண்டுவந்திருந்தான்.
யாரோ ஒருத்தி, ஒரு பியானோ,
மழையா டிரம்மா என்று தெரியாத ஒரு உரசல்.
நாற்காலியை இப்படியும் அப்படியும் இழுத்துப் போட்டு
உட்கார்ந்து கண்ணை மூடினான்.
"அதோ," என்றான். "நடுவில் நிற்கிறாள்.
கை நீட்டினால் தொடலாம். உனக்குக் கேட்கிறதா?"

பாட்டு கேட்டது. நன்றாகவே கேட்டது.
அவன் விரல் நீண்ட இடத்தில்
என் இஸ்திரி மேசை இருந்தது,
அதன்மேல் நாளைக்கான வேலைச் சட்டை.

கேட்கிறது என்றேன்.
எழுந்துபோய் மேசையை
ஜன்னலோரம் தள்ளிவைத்தேன்.
நிற்கிறவளுக்கு இடம் வேண்டுமே.